ஆட்டம் லீவ்ஸில் டி 7 வரும் இடத்தில் என்ன வாசிக்கிறீர்கள்?

ஆறாங்கம்பி (வெள்ளவத்தை)

வணக்கம். கிட்டார்காரர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். ரொக்கும் சினிமாப் பாட்டும் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஜாஸ் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது ஜாஸ்காரர் எல்லோரும் வாசிக்கிற பாட்டுகள் பக்கம் திரும்பி, எல்லோரையும் போல ஆட்டம் லீவ்ஸ் (Autumn Leaves) பாட்டில் வந்து நிற்கிறேன். ஜி மைனர் கீ. முதல் எட்டு பார் (நாலு அடி கொண்ட தாளக் கட்டம்) இப்படிப் போகிறது:

சி மைனர் 7 | எஃப் 7 | பி ஃபிளாட் மேஜர் 7 | ஈ ஃபிளாட் மேஜர் 7
ஏ மைனர் 7 ஃபிளாட் 5 | டி 7 | ஜி மைனர் | ஜி மைனர்

டி 7 வந்தால் ஆல்டர்ட் ஸ்கேல், அதாவது ஈ ஃபிளாட் மெலடிக் மைனர் வாசி என்று பார்க்கிற காணொளி எல்லாவற்றிலும் சொல்கிறார்கள். விரல் பழகிவிட்டது, வேகமாகவும் வருகிறது. ஆனால் அந்த ஒரு பாருக்கு மட்டும் வேறு யாரோ வந்து வாசித்துவிட்டுப் போன மாதிரிக் கேட்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுரம் எதுவும் பிழையில்லை, ஆனால் பாட்டும் இல்லை.

இன்னொன்று, கோர்டின் அடிச் சுரமான ரூட்டிலிருந்து எண்ணி 9, 13 என்று சும்மா சேர்ப்பது எப்போது, அதையே அரைச் சுரம் இறக்கி ஃபிளாட் 9, ஃபிளாட் 13 என்று மாற்றுவது எப்போது? தாளில் வெறும் டி 7 என்றுதானே போட்டிருக்கிறது.

கொட்டாஞ்சேனை கொம்பிங்

தம்பி, கொஞ்ச நாளைக்கு அந்த ஸ்கேலைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். மேலே இருக்கிற இரண்டு கம்பி மட்டும் போதும். ஒவ்வொரு கோர்டிலும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான் அது மைனரா, மேஜரா, டொமினன்டா (எஃப் 7, டி 7 மாதிரி அடுத்த கோர்டுக்கு இழுக்கிறதா) என்று சொல்கின்றன. ரூட்டை பாஸ்காரர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் கம்பி ஃபிரெட்டை முதலிலும் முதல் கம்பி ஃபிரெட்டை அடுத்தும் எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்து அடியுங்கள்:

சி மைனர் 7: 11, 11
எஃப் 7: 10, 11
பி ஃபிளாட் மேஜர் 7: 10, 10
ஈ ஃபிளாட் மேஜர் 7: 8, 10
ஏ மைனர் 7 ஃபிளாட் 5: 8, 8
டி 7: 7, 8
ஜி மைனர் 7: 6, 6

ஒரு முறை மெதுவாக அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோர்ட் மாறும்போதும் பெரும்பாலும் ஒரு விரல்தான் நகரும், அதுவும் கீழ்நோக்கி ஒன்று அல்லது இரண்டு ஃபிரெட். மற்றது அசையாமல் அடுத்த கோர்டுக்குக் காத்திருக்கும். பாட்டின் எலும்பு இதுதான். வேறு எந்தக் கம்பியும் இல்லாமலே கேட்கிறவருக்கு ஆட்டம் லீவ்ஸ் என்று விளங்கிவிடும். ஏனென்றால் முதல் கம்பியில் நீங்கள் வாசித்த ஈ ஃபிளாட், டி, சி, பி ஃபிளாட் நான்கும்தான் மெட்டு நின்று நிதானிக்கிற சுரங்கள். அந்த மெட்டைப் போட்ட ஜோசப் கோஸ்மா, சி மைனரிலும் பி ஃபிளாட்டிலும் ஏ மைனர் ஃபிளாட் 5இலும் ஜி மைனரிலும் அந்தந்தக் கோர்டின் மூன்றாம் சுரத்திலேயே மெட்டை இறக்கி வைத்திருக்கிறார்.

இப்போது டி 7இல் கையில் இருப்பது எஃப் ஷார்ப்பும் சியும். அதோடு ஒரே ஒரு ஈ ஃபிளாட்டைச் சேர்த்து, ஜி மைனர் வரும்போது அதை டிக்கு இறக்குங்கள். ஆல்டரேஷன் என்று சொல்வதெல்லாம் அந்த ஒரு அரைச் சுர இறக்கம்தான். அது காதில் ஏறாமல் ஏழு சுரத்தையும் ஓட்டினால் நீங்கள் சொன்ன மாதிரித்தான் கேட்கும்.

மெலடிமைனர்

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் ஸ்கேலை இவ்வளவு மட்டம் தட்டத் தேவையில்லை. ஆல்டர்ட் ஸ்கேலுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் அது ஏன் பிறந்தது என்று விளங்கும். ஈ ஃபிளாட் மெலடிக் மைனரை டியிலிருந்து எண்ணினால்:

டி ரூட். ஈ ஃபிளாட், ஃபிளாட் 9. எஃப், ஷார்ப் 9. ஜி ஃபிளாட், அதாவது எஃப் ஷார்ப், மூன்றாம் சுரம். ஏ ஃபிளாட், ஃபிளாட் 5. பி ஃபிளாட், ஃபிளாட் 13. சி, ஃபிளாட் 7.

கோர்டுக்கு அத்தியாவசியமான மூன்று சுரமும் இருக்கின்றன. மாற்றக்கூடிய நான்கும் மாறிய நிலையில் இருக்கின்றன. இயல்பான 5, அதாவது ஏ, இல்லவே இல்லை. டொமினன்ட் கோர்டை எவ்வளவு இறுக்கலாமோ அவ்வளவு இறுக்கினால் கிடைப்பது இது.

ஸ்கேலாக ஓட்டப் பிடிக்காவிட்டால் ட்ரையடாக, அதாவது மூன்று சுரக் கோர்டாக வாசியுங்கள். இதற்குள் ஏ ஃபிளாட் மேஜர் ட்ரையட் இருக்கிறது: ஃபிளாட் 5, ஃபிளாட் 7, ஃபிளாட் 9. பி ஃபிளாட் மேஜர் ட்ரையடும் இருக்கிறது: ஃபிளாட் 13, ரூட், ஷார்ப் 9. ரொக் வாசித்தவருக்கு மேஜர் ட்ரையட் தூக்கத்திலும் வரும். டி 7இல் அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தாலே ஸ்கேல் நெடி போய்விடும்.

வீணைக்காரி (பம்பலப்பிட்டி)

நான் கிட்டார் வாசிப்பதில்லை. மகன் வாசிக்கிறான், அவனுக்காக இந்த இழைக்குள் வந்தேன். மெலடிக் மைனர் மெலடிக் மைனர் என்கிறீர்களே, ஏறும்போது வருகிற அந்த ஏழு சுரம் எங்களுக்கு கௌரிமனோகரி, 23ஆவது மேளம், அதாவது தாய் ராகம். அதில் கிரகபேதம் செய்தால், அதாவது வேறொரு சுரத்தை ஷட்ஜமமாக வைத்தால், ரிஷபத்திலிருந்து நாடகப்பிரியா, மத்யமத்திலிருந்து வாசஸ்பதி, பஞ்சமத்திலிருந்து சாருகேசி. மீதி மூன்றிலும் பஞ்சமம் விழாது, அதனால் மேளம் கிடைக்காது. உங்கள் ஆல்டர்ட் ஸ்கேல் நிஷாதத்திலிருந்து தொடங்குவது. மெலடிமைனர் இயல்பான 5 இல்லை என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இது. டி 7க்கு ஈ ஃபிளாட் மெலடிக் மைனர் என்றால், ஈ ஃபிளாட்டின் மத்யமம் ஏ ஃபிளாட். அப்படியென்றால் ஏ ஃபிளாட்டை ஷட்ஜமமாக வைத்து வாசஸ்பதி பாடினாலும் அதே ஏழு சுரம். வாசஸ்பதி பாடிப் பழகிய பிள்ளைக்கு அது உடனே வந்துவிடும். சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெலடிமைனர்

அக்கா, முற்றிலும் சரி! எங்கள் ஆட்கள் அதை ட்ரைடோன் சப்ஸ்டிடியூஷன் என்பார்கள். டி 7க்குப் பதில் ஏ ஃபிளாட் 7 போடலாம், ஏனென்றால் இரண்டுக்கும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் ஒன்றே. எஃப் ஷார்ப்பும் சியும் இடம் மாறி நிற்கும், அவ்வளவுதான். ஏ ஃபிளாட் 7 ஷார்ப் 11 என்று வாசித்தால் அது வாசஸ்பதி. கீழே பாஸ் டியில் நின்றால் அதுவே டி 7 ஆல்டர்ட்.

ஆறாங்கம்பி (வெள்ளவத்தை)

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்று. மேலே இரண்டு கம்பி வாசித்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னது உண்மை, வேறு எதுவும் இல்லாமலே பாட்டு தெரிகிறது.

அக்கா, ஒரு கேள்வி. அப்படியென்றால் ஒவ்வொரு கோர்டுக்கும் ஒவ்வொரு ராகம் என்று வைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

வீணைக்காரி (பம்பலப்பிட்டி)

வேண்டாம். சுரங்களை நினைவில் வைக்க மேளத்தின் பெயர் உதவும், அதோடு விட்டுவிடுங்கள். ராகத்துக்குக் கமகம் இருக்கிறது, பிடி இருக்கிறது, நிற்கிற இடம் இருக்கிறது. இரண்டு விநாடி வந்து போகிற ஒரு கோர்டில் வாசஸ்பதி வாசித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

பெரிய வித்தியாசம் ஷட்ஜமத்தில்தான் இருக்கிறது. எங்களுக்குத் தம்புரா கச்சேரி முடியும் வரை ஒரே ஷட்ஜமத்தில் நிற்கும். ஒரு சுரத்தின் குணம் அந்த ஷட்ஜமத்தை வைத்துத் தீர்மானமாகும். உங்கள் பாட்டில் சுரம் அப்படியே இருக்க, கீழே தரை நகர்கிறது. மகன் இந்தப் பாட்டின் கோர்ட்களை அடிக்க, நான் வீணையில் டியை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தேன். சி மைனருக்கு அது 9. எஃப் 7க்கு 13. பி ஃபிளாட்டுக்கு 3. ஈ ஃபிளாட்டுக்கு மேஜர் 7. ஏ மைனர் ஃபிளாட் 5க்கு 11. டி 7க்கு ரூட். ஜி மைனருக்கு 5. அத்தனை இடத்திலும் உட்கார்ந்தது, ஒவ்வொரு இடத்திலும் வேறு முகம். நீங்கள் எக்ஸ்டென்ஷன் என்று சொல்வது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் பி ஃபிளாட்டை மீட்டச் சொன்னான். சி மைனரில் நன்றாக இருந்தது. எஃப் 7இல் கரித்தது, 4 அல்லவா, பக்கத்திலேயே மூன்றாம் சுரம் ஏ. டி 7இல் ஃபிளாட் 13, எங்கேயோ போகத் துடித்தது.

கொட்டாஞ்சேனை கொம்பிங்

மேலே அக்கா எழுதியதை இங்கே எல்லோரும் ஒரு தடவை செய்து பாருங்கள். ஒரு சுரம், ஏழு கோர்ட். தியரிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பது காதுக்கு வந்துவிடும்.

ஓய்வுபெற்ற பாண்ட்காரன்

எல்லோரும் சோலோவைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் எண்பதுகளில் கொழும்பில் ஹோட்டல் பாண்ட்களில் வாசித்தவன். சோலோ ஒரு பாட்டுக்கு ஒரு சுற்றுக் கிடைத்தால் அதிர்ஷ்டம். மிச்ச நேரமெல்லாம் பாடுகிறவருக்குப் பின்னால் கோர்ட் அடிக்கிற கொம்பிங்தான். அங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாட்டின் மெட்டு ஆறாவது பாரில், அதாவது உங்கள் டி 7இல், டி, ஈ, எஃப் ஷார்ப் என்று ஏறி, ஏழாவது பாரில் பி ஃபிளாட்டில் நிற்கும். கவனித்தீர்களா, ஈ. ஃபிளாட் இல்லாத ஈ. அதாவது டி 7க்கு இயல்பான 9. நீங்கள் பின்னால் டி 7 ஃபிளாட் 9 என்று ஈ ஃபிளாட்டை நீட்டிக்கொண்டிருந்தால், பாடுகிறவரின் ஈயும் உங்கள் ஈ ஃபிளாட்டும் மைக்கில் உரசும். பாடுகிறவருக்குத் தான்தான் சுருதி விலகிவிட்டோமோ என்று தோன்றும். பாவம்.

மெட்டு போகும்போது டி 7இல் ரூட், 3, ஃபிளாட் 7 மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறாம் கம்பி 10, நான்காம் கம்பி 10, மூன்றாம் கம்பி 11. ஈ ஃபிளாட் போட்டே ஆகவேண்டும் என்றால் முதல் அடியில் குட்டையாகத் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள், மெட்டு இரண்டாம் அடியில்தான் ஏறத் தொடங்கும். இரண்டாம் கம்பியில் 11, அந்த பி ஃபிளாட், பெரும்பாலும் தொந்தரவில்லை, ஏனென்றால் பாட்டே அங்கேதான் போகிறது. சோலோ வந்தவுடன் உங்கள் இஷ்டம்.

தாளில் வெறும் டி 7 என்று போட்டிருப்பது இதற்காகத்தான் தம்பி. மேலே யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்து மிச்சத்தை நீங்கள் நிரப்ப வேண்டும்.

ஆறாங்கம்பி (வெள்ளவத்தை)

ஐயா, இதை ஒரு காணொளியிலும் யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. அந்தக் காலத்தில் எங்கே கேட்டுப் பழகினீர்கள்? ஜாஸ் பியானோகாரர் டேவ் புரூபெக் இலங்கைக்கு வந்ததாக எங்கேயோ வாசித்தேன்.

ஓய்வுபெற்ற பாண்ட்காரன்

வந்தார், 1958இல், அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில். டியூக் எலிங்டனும் 1963இல் அதே மாதிரி வந்தார். இரண்டும் எனக்கு முந்திய தலைமுறையின் கதை. எங்களுக்குக் கிடைத்தது கசெட். ஒரே ஒரு நல்ல பிரதி யாரிடமாவது இருக்கும், அதிலிருந்து பிரதி, அதிலிருந்து பிரதி. நாலாவது கை மாறி வரும்போது பாஸ் எல்லாம் கரைந்துபோய்விடும், நாங்களே ரூட்டை ஊகிக்க வேண்டும். காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நீங்கள் ஜி மைனரில் வாசிக்கிறபடியால் சாக்ஸபோன்காரர் கனன்போல் அடர்லியின் 1958 பதிவைக் கேளுங்கள், ட்ரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸ் கூட இருக்கிறார். அதுவும் ஜி மைனர்தான், கிட்டாரை எடுத்துக்கொண்டு கூடவே உட்காரலாம். மைல்ஸ் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கேளுங்கள்.

தெமட்டகொடை பாஸ்

பாஸ்காரன் சார்பில் ஒரு விண்ணப்பம். ஆறாம் கம்பியை எங்களுக்கு விடுங்கள். மேலே சொன்ன டி 7இல் கீழ் டியை நீங்களும் அடித்து நானும் அடித்தால் சேறு. நான் ஏ ஃபிளாட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாலும் போக முடியாது, நீங்கள் டியைக் கட்டிவைத்திருப்பீர்கள்.

பியானோகாரரோடு வாசிப்பவர்களுக்கும் இதே கதை. அவர் 13 போட்டு பி வாசிக்க, நீங்கள் ஃபிளாட் 13 போட்டு பி ஃபிளாட் வாசித்தால் யாருக்கும் நல்லதில்லை. ஒருவர் கொம்பிங் செய்யும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அவமானம் இல்லை.

ஆறாங்கம்பி (வெள்ளவத்தை)

சரி. என் முதல் பதிவின் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. எஃப் 7உம் டொமினன்ட், டி 7உம் டொமினன்ட். ஒன்றில் 13, மற்றதில் ஃபிளாட் 13 என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை கொம்பிங்

எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். எஃப் 7 போவது பி ஃபிளாட் மேஜருக்கு. பி ஃபிளாட் மேஜரின் சொந்தச் சுரங்களில் ஜியும் டியும் ஃபிளாட் இல்லாமல் இருக்கின்றன, அதனால் எஃப் 7க்கு 9, 13 இரண்டும் இயல்பாக வரும். டி 7 போவது ஜி மைனருக்கு. ஜி மைனரில் ஈயும் பியும் ஃபிளாட். அதனால் அங்கே ஃபிளாட் 9, ஃபிளாட் 13 வருவதே இயல்பு. அதை ஆல்டரேஷன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வீட்டுச் சுரங்கள்தான்.

இன்னொரு வகை, கீழே ஐந்து சுரம் இறங்காமல் வேறெங்கோ போகிற டொமினன்ட். அதற்கு ஷார்ப் 11, அக்காவின் வாசஸ்பதி. இந்தப் பாட்டில் அதைத் தேடவேண்டாம், வேறு பாட்டில் வரும்போது பார்க்கலாம்.

இது எதுவும் சட்டமில்லை. எஃப் 7இலும் மாற்றலாம், மாற்றினால் அழகான ஒன்று கிடைக்கும். இதை வாசித்துப் பாருங்கள்:

சி மைனர் 9: ஐந்தாம் கம்பி 3, நான்காம் கம்பி 1, மூன்றாம் கம்பி 3, இரண்டாம் கம்பி 3.
எஃப் 7 ஃபிளாட் 13: ஆறாம் கம்பி 1, நான்காம் கம்பி 1, மூன்றாம் கம்பி 2, இரண்டாம் கம்பி 2.
பி ஃபிளாட் மேஜர் 9: ஐந்தாம் கம்பி 1, நான்காம் கம்பி திறந்தபடி, மூன்றாம் கம்பி 2, இரண்டாம் கம்பி 1.

இரண்டாம் கம்பியை மட்டும் கேளுங்கள். 3, 2, 1. டி, டி ஃபிளாட், சி. முதல் கோர்டின் 9, இரண்டாவதின் ஃபிளாட் 13, மூன்றாவதின் 9. படியிறங்குகிற மாதிரி ஒரு வரி. நடுவில் இருக்கிற அந்த டி ஃபிளாட் தனியாக நின்றால் பிழை போலக் கேட்கும், முன்னும் பின்னும் ஆள் இருப்பதால் இனிக்கிறது. உங்கள் முதல் பதிவில் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்றீர்களே, பதில் இங்கே இருக்கிறது.

அதே மாதிரி மற்ற பக்கம்:

ஏ மைனர் 7 ஃபிளாட் 5: ஆறாம் கம்பி 5, நான்காம் கம்பி 5, மூன்றாம் கம்பி 5, இரண்டாம் கம்பி 4.
டி 7 ஃபிளாட் 9: ஐந்தாம் கம்பி 5, நான்காம் கம்பி 4, மூன்றாம் கம்பி 5, இரண்டாம் கம்பி 4.
ஜி மைனர் 7: ஆறாம் கம்பி 3, நான்காம் கம்பி 3, மூன்றாம் கம்பி 3, இரண்டாம் கம்பி 3.

மேலே 4, 4, 3. ஏ மைனர் ஃபிளாட் 5இன் ஃபிளாட் 5ஆக இருந்த ஈ ஃபிளாட், அசையாமல் டி 7இன் ஃபிளாட் 9 ஆகி, பிறகு டிக்கு இறங்குகிறது. நீங்கள் அதைப் புதிதாகப் போடவேண்டியதே இல்லை. முந்தின கோர்டிலிருந்தே கையில் இருக்கிறது, விடாமல் இருந்தால் போதும்.

பாஸ்காரர் இருந்தால் ஆறாம், ஐந்தாம் கம்பிகளை விட்டுவிடுங்கள். தெமட்டகொடை கோபிக்க மாட்டார்.

தெமட்டகொடை பாஸ்

மாட்டேன்.

மெலடிமைனர்

அண்ணா சொன்ன வீட்டுச் சுரங்கள் என்றால் டி 7இல் ஜி ஹார்மோனிக் மைனர்தானே? அக்கா அதைக் கீரவாணி என்பார்கள். அப்படியென்றால் ஆல்டர்ட் ஸ்கேல் எதற்கு என்ற கேள்வி வருகிறது. இரண்டையும் டியிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

கீரவாணி வழி: டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி.
ஆல்டர்ட்: டி, ஈ ஃபிளாட், எஃப், எஃப் ஷார்ப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி.

ஐந்து சுரம் பொது! ஜியும் ஏயும் போய், எஃப்பும் ஏ ஃபிளாட்டும் வருகின்றன, வித்தியாசம் அவ்வளவுதான். ஆறாங்கம்பி, புதிய ஸ்கேல் என்று ஏழு சுரத்தைத் தலையில் ஏற்றாதீர்கள். ஜி மைனரில் ஏற்கனவே வாசிக்கிறதை வாசித்துக்கொண்டு, டி 7இல் அந்த இரண்டு சுரத்தை மட்டும் உள்ளே விடுங்கள்.

ஒரு வரி தருகிறேன், எல்லாம் 5ஆம் ஃபிரெட்டுக்கும் 9ஆம் ஃபிரெட்டுக்கும் நடுவில். டி 7இல் எட்டு எட்டாம் சுரங்கள்: முதல் கம்பி 8, 6. இரண்டாம் கம்பி 9, 7, 6. மூன்றாம் கம்பி 8, 5, 8. அடுத்த பாரின் முதல் அடியில் மூன்றாம் கம்பி 7.

சி, பி ஃபிளாட், ஏ ஃபிளாட், எஃப் ஷார்ப், எஃப், ஈ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், பிறகு டி. ஏ ஃபிளாட்டும் எஃப்பும் நடுவில் வந்து போகின்றன, முடிவில் ஈ ஃபிளாட் டிக்கு இறங்குகிறது. கொட்டாஞ்சேனை அண்ணாவின் அந்த ஒரு இறக்கம்தான், அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்று.

வீணைக்காரி (பம்பலப்பிட்டி)

கீரவாணி சரி. டியிலிருந்து எண்ணினால் அது வகுளாபரணம். இனி நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பாண்ட்காரன்

மூடவேண்டாம் அம்மா, உங்கள் பதிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

மெலடிமைனர் தந்த வரி நல்லது. ஆனால் அதை அப்படியே ஒவ்வொரு சுற்றிலும் டி 7 வந்தவுடன் வைத்தால் மூன்றாவது சுற்றில் ட்ரம்ஸ்காரர் கொட்டாவி விடுவார். தாளத்தை நகர்த்துங்கள். அதே வரியை அரை பார் முன்னால், ஏ மைனர் ஃபிளாட் 5 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். அல்லது டியை முதல் அடியில் வைக்காமல், முந்தின பாரின் கடைசி அரை அடியிலேயே வைத்துவிட்டு மூச்சு விடுங்கள். ஆல்டர்ட் சுரம் எப்போது தீர்கிறது என்பதுதான் சுவிங். எந்தச் சுரம் என்பது அதற்குப் பிறகு.

கிட்டார்காரர் வெஸ் மொன்கொமரியைக் கேளுங்கள். பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர். ஒற்றைச் சுரம், அப்புறம் ஒக்டேவ், அப்புறம் கோர்ட் என்று சோலோவை வளர்ப்பார். கோர்ட் வரும் கட்டத்தில் மேல் சுரம் பாடுகிற மாதிரி நகரும், கீழே கொட்டாஞ்சேனை எழுதிய வகை அரைச் சுர இறக்கங்கள் நடந்துகொண்டே இருக்கும். தனியாக வாசிப்பதைப் படிக்க ஜோ பாஸ். கொம்பிங்கில் எதை விடவேண்டும் என்று படிக்க ஜிம் ஹால்.

காலி வீதி கம்பி

இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறேன். ஹொலோபாடி, அதாவது உடல் உள்ளே வெற்றான கிட்டார். கம்பி போட்டு இரண்டு கிழமைக்குள் கறுத்துப்போகிறது. இந்த ஆல்டர்ட் கோர்ட் எல்லாம் என் கிட்டாரில் தகர டப்பா மாதிரிக் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை கொம்பிங்

கடல் காற்றில் உப்பு, என்ன செய்வது. வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள், பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். ஃபிளாட்வூண்ட், அதாவது மேல் சுற்று தட்டையான கம்பி போட்டால் இடுக்கில் வியர்வையும் உப்பும் சேர்வது குறையும், பழைய ஜாஸ் சத்தமும் கிடைக்கும். மழைக் காலத்தில் ஹொலோபாடியின் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், அக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம் ஏறும். பிரிட்ஜைக் கொஞ்சம் இறக்கலாம். டோன் குமிழைப் பாதிக்குத் திருப்புங்கள், தகர டப்பா போய்விடும்.

ஆறாங்கம்பி (வெள்ளவத்தை)

நேற்று இரவு உட்கார்ந்தேன். மேலே இரண்டு கம்பியில் எலும்பு மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் ஈ ஃபிளாட் ஒன்றை மட்டும் டிக்கு இறக்கிப் பழகினேன். கடைசியாக மெலடிமைனர் தந்த வரி. அந்த ஏ ஃபிளாட் முதன்முறையாக எனக்கு வேண்டும் என்று தோன்றி வந்தது. பாண்ட்கார ஐயா சொன்ன மாதிரி அரை பார் முன்னால் தொடங்க இன்னும் வரவில்லை, எண்ணிக்கை தவறுகிறது.

ஒரு கடைசிச் சந்தேகம். ஜி மைனரில் வந்து இறங்கியபின் எஃப் வாசிப்பதா, ஈ வாசிப்பதா? ஜி மைனர் 7 என்றால் எஃப். ஆனால் எஃப் வாசித்தால் பாட்டு முடிந்த மாதிரி இல்லை, இன்னும் எங்கேயோ போகப் பார்க்கிறது.

மெலடிமைனர்

ஜி மைனர் 7 அடுத்து சி 7க்குப் போகலாமே என்று காது நினைக்கும், அதனால்தான். வீடு என்று உணர்த்த ஈ, அதாவது ஜி மைனர் 6. மேலே கொட்டாஞ்சேனை தந்த வடிவில் நான்காம் கம்பியை மட்டும் 3இலிருந்து 2க்கு இறக்குங்கள்.

கொட்டாஞ்சேனை கொம்பிங்

ஓம். ஏழாவது பாரில் முதல் இரண்டு அடிக்கு எஃப் ஷார்ப், அடுத்த இரண்டுக்கு எஃப், எட்டாவது பாரில் ஈ என்றும் இறக்கலாம். நான்காம் கம்பியில் 4, 3, 2. டி 7இலேயே நான்காம் கம்பி 4இல்தான் இருந்தது, விரலை எடுக்கவே தேவையில்லை. ஆனால் அடுத்த சுற்றுத் தொடங்க சி மைனருக்குப் போகவேண்டும் என்றால் எட்டாவது பாரின் கடைசியில் ஜி 7 ஃபிளாட் 9 ஒன்றைச் செருகுங்கள், ஏ ஃபிளாட் ஜிக்கு இறங்கும்.

தெமட்டகொடை பாஸ்

ஆறாங்கம்பி, ஞாயிறு பின்னேரம் நாங்கள் நாலு பேர் தெஹிவளையில் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். ட்ரம்ஸுக்கு பிரஷ் மட்டும்தான், பக்கத்து வீட்டார் நல்லவர்கள். விருப்பமென்றால் தனிமடல் போடுங்கள். ஆட்டம் லீவ்ஸ், ஜி மைனர், 120க்கு மேல் வேகம் இல்லை. ஆம்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.